நான்கு போல்ட்டில் நிற்கும் கார்: லோட்டஸ் 49 மாடலோடு பதினான்கு மாதம்

கட்டிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் மாடல் காரைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்துப் பார்த்தேன். மூன்று சக்கரம் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. வலது பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகினால் அது தடையில்லாமல் அந்தப் பக்கம் போய் வெளியே வந்தது. ஐந்து மாத வேலை. எஞ்சினுக்குப் பெயிண்ட் அடித்து, ஒயர் இழுத்து, கியர்பாக்ஸை ஒட்டி, சஸ்பென்ஷன் கம்பிகளை எல்லாம் மாட்டி முடித்த பிறகுதான் இந்தக் கோணல் கண்ணில் பட்டது. சுருள்வில் இருக்கிறதே, அழுத்தி விட்டால் சமமாகிவிடாதா என்று பார்த்தேன். மாடலின் எடைக்கு அந்த வில் அசையவே இல்லை.

வேறு பழைய ரேஸ் காராக இருந்திருந்தால் இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டேன். பெரும்பாலானவற்றில் முன்னாலிருந்து பின்னால் வரை ஒரு அடிச்சட்டம் ஓடும். எஞ்சின் அதன் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். எஞ்சின் கொஞ்சம் கோணினாலும் சக்கரம் கோணாது. நான் கட்டியது லோட்டஸ் 49, 1967-ல் வந்த ஃபார்முலா ஒன் பந்தயக் கார். இந்த வண்டிக்குப் பின்பாதியில் சட்டமே கிடையாது. ஓட்டுநரின் முதுகோடு அலுமினியக் கூடு முடிந்துவிடுகிறது. அந்தச் சுவரில் எஞ்சினை நான்கு இடத்தில் போல்ட் போட்டு மாட்டியிருக்கிறார்கள். எஞ்சினுக்குப் பின்னால் கியர்பாக்ஸ். பின்சக்கரங்களின் சஸ்பென்ஷன் இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. இங்கே எஞ்சின்தான் முதுகெலும்பு. அது ஒரு டிகிரி திரும்பினால் வண்டியே திரும்பிவிடும். நிஜ வண்டிக்கு எது விதியோ அதுவே 12-ல் ஒரு பங்கு மாடலுக்கும் விதி என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

இந்தக் காரை ஏன் எடுத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். 1966-ல் ஃபார்முலா ஒன் எஞ்சின் அளவை 3 லிட்டராக உயர்த்தினார்கள். லோட்டஸ் கம்பெனியை நடத்திய காலின் சாப்மனிடம் அதற்கேற்ற நல்ல எஞ்சின் இல்லை. காஸ்வொர்த் என்ற எஞ்சின் கம்பெனியின் கீத் டக்வொர்த் ஒன்றை வரைய ஒப்புக்கொண்டார், ஃபோர்டு ஒரு லட்சம் பவுண்டு கொடுத்தது. பிறந்தது டி.எஃப்.வி. என்ற எஞ்சின்: 90 டிகிரி வி8, 2993 சி.சி., சிலிண்டருக்கு நான்கு வால்வு. எஞ்சினையே வண்டியின் எலும்பாக வைக்கும் யோசனை அதற்கு முன்பும் இருந்தது. லோட்டஸே 1966-ல் பி.ஆர்.எம். என்ற இன்னொரு கம்பெனியின் எஞ்சினை வைத்து 43 என்ற வண்டியில் செய்து பார்த்திருந்தது. ஆனால் 49-இல் எஞ்சினையும் வண்டியையும் ஒன்றுக்கொன்று பொருந்த ஒரே நேரத்தில் வரைந்தார்கள். அதன் பிறகு எல்லோரும் அந்த வழியில் போனார்கள்.

1967 ஜூன் 4, நெதர்லாந்தின் சாண்ட்வோர்ட். வடகடலோர மணல்மேடுகளுக்கு நடுவில் ஓடும் பாதை. புது வண்டிக்கும் புது எஞ்சினுக்கும் அதுதான் முதல் பந்தயம். லோட்டஸின் இரண்டு ஓட்டுநர்களில் கிரஹாம் ஹில் முதலிடத்திலிருந்து கிளம்பி, 11-வது சுற்றில் எஞ்சின் கோளாறால் நின்றுவிட்டார். இன்னொருவரான ஜிம் கிளார்க் அந்த வாரக் கடைசிக்கு முன்பு அந்த வண்டியை ஓட்டியதே இல்லை. பயிற்சியில் சக்கரப் பக்கம் தகராறு செய்ததால் எட்டாவது இடத்திலிருந்துதான் புறப்பட்டார். 90 சுற்று முடிந்தபோது அவர்தான் முதல். அதே வருஷம் இத்தாலியின் மோன்சாவில் பஞ்சர் ஆகி ஒரு முழுச் சுற்று பின்தங்கி, அதைத் துரத்திப் பிடித்து மறுபடி முன்னிலைக்கு வந்து, கடைசிச் சுற்றில் பெட்ரோல் வராமல் மூன்றாவதாக வந்தார். தோற்ற அந்தப் பந்தயத்தைத்தான் அவருடைய உச்சமாக நான் நினைக்கிறேன். 1968 புத்தாண்டு அன்று தென்னாப்பிரிக்காவின் கியாலமியில் இதே 49-இல் அவருடைய 25-வது ஃபார்முலா ஒன் வெற்றி. ஏப்ரல் 7-ல் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில் வேறொரு சிறிய லோட்டஸில் இறந்துபோனார். வயது 32.

நான் கட்ட நினைத்தது சாண்ட்வோர்ட் காலையில் வரிசையில் நின்ற கிளார்க்கின் ஐந்தாம் எண் வண்டியை. இந்த முடிவை முதலிலேயே எடுத்தது நான் செய்த நல்ல காரியங்களில் ஒன்று. மாடல் கட்டப்போகிறவர்கள் “லோட்டஸ் 49” என்று மட்டும் நினைத்துத் தொடங்கினால் மாட்டிக்கொள்வார்கள். அந்த வண்டி 1970 வரை ஓடியது. 67-ல் பச்சை நிறம், நடுவில் மஞ்சள் பட்டை, இறக்கை கிடையாது, பின்னால் இசட்.எஃப். கியர்பாக்ஸ். 68-ல் சிகரெட் கம்பெனியின் சிவப்பு வெள்ளை தங்க நிறம் வந்தது, அப்புறம் கம்பங்களின் மேல் உயர்ந்து நிற்கும் இறக்கை வந்தது, 49பி-யில் கியர்பாக்ஸ் ஹியூலாண்டுக்கு மாறியது. எந்த வண்டி, எந்தப் பந்தயம், எந்த நாள் என்று ஒரு தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவிடுங்கள். பாதி வேலையில் வரும் சந்தேகங்களில் முக்கால்வாசியை அந்தத் தாளே தீர்த்துவிடும்.

படம் பார்த்துக் கட்டும்போது இன்னொரு பள்ளம் இருக்கிறது. இணையத்தில் நல்ல வெளிச்சத்தில், துல்லியமாகக் கிடைப்பவை எல்லாம் இன்றைக்குப் பழைய கார் பந்தயங்களில் ஓடும் வண்டிகளின் படங்கள். அவற்றில் உயரமான பாதுகாப்பு வளையம், தோள் பெல்ட், தீயணைப்பு உருளை, வெளியே தெரியும் மின்துண்டிப்பு சுவிட்ச் எல்லாம் பிற்பாடு வைத்திருப்பார்கள். 1967-ல் ஓட்டுநர்கள் பெரும்பாலும் பெல்ட் போடாமல்தான் ஓட்டினார்கள். ஃபார்முலா ஒன்னில் பெல்ட் கட்டாயமானது 1972-ல். நான் மிகவும் ஆசைப்பட்டு நீலத் துணியில் பெல்ட் தைத்து, குட்டிக் கொக்கிகள் வளைத்து, சீட்டில் ஒட்டிய பிறகுதான் பந்தய நாளில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைக் கூர்ந்து பார்த்தேன். கழற்றிவிட்டேன். பெல்ட் இல்லாத அந்த வெறும் சீட் என்னை இன்றைக்கும் சங்கடப்படுத்துகிறது. அப்படித்தான் ஓட்டினார்கள் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். பந்தய நாளன்று எடுத்த படம் மங்கலாக இருந்தாலும் அதுவே ஆதாரம். இப்போதைய படத்தை போல்ட்டின் வடிவம், உலோகத்தின் மினுக்கு மாதிரியான விஷயங்களுக்கு மட்டும் பாருங்கள்.

கோயம்புத்தூரில் இருப்பதால் எனக்கு ஒரு வசதி. அவிநாசி ரோட்டில் இருக்கும் ஜி.டி. கார் மியூசியத்துக்கு மூன்று முறை போனேன். நான் போனது லோட்டஸைத் தேடி அல்ல, பழைய வண்டிகளின் பரப்பைப் பார்க்க. டயர் ஒருபோதும் கறுப்பாக இருப்பதில்லை, சாம்பல் கலந்த கறுப்பு. பழைய தோல் சீட்டில் மடிப்பு விழும் இடம் மட்டும் பளபளக்கிறது. வார்த்த அலுமினியமும் கடைந்த அலுமினியமும் ஒரே நிறமாகத் தெரிவதே இல்லை. இந்த மூன்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். கிட், அதாவது மாடலின் பாகங்கள் அடங்கிய பெட்டி, அதோடு வரும் பெயிண்ட் அட்டவணையைவிட இந்த மூன்று வரி எனக்கு அதிகம் உதவியது.

கிட் ஜப்பானின் டமியா கம்பெனியுடைய 1/12. அந்த வரிசையில் மிகப் பழைய அச்சுகளில் ஒன்று, வெகுகாலமாக மறுபடி மறுபடி வெளியிடுகிறார்கள். கட்டி முடித்தால் நீளம் ஒரு அடிக்குச் சற்று மேல் வரும். பாகங்கள் கோத்திருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தை நாங்கள் ஸ்ப்ரூ என்போம். அதைப் பாத்திரம் கழுவும் சோப்பில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் காயவிடுங்கள். அச்சிலிருந்து எடுப்பதற்காகப் பூசும் எண்ணெய் ஒட்டியிருந்தால் பெயிண்ட் பின்னாளில் தோலாக உரியும். பாகத்தை வெட்டும்போது ஒரேயடியாக ஒட்ட வெட்டாமல் கொஞ்சம் தள்ளி வெட்டி, மீதியை பிளேடால் சீவி, உப்புத்தாள் போடுங்கள். இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான்.

எஞ்சினில் கொஞ்சம் நிற்கிறேன். இந்த வண்டிக்கு எஞ்சின் மூடி கிடையாது, எல்லாம் திறந்த வெளி. வி வடிவப் பள்ளத்தில் காற்று இழுக்கும் எட்டுக் குழல்கள் இரண்டு வரிசையாக வாயைத் திறந்துகொண்டு நிற்கும். பார்ப்பவர் கண் முதலில் அங்கேதான் விழும். கிட்டில் வந்த பிளாஸ்டிக் குழல்களின் விளிம்பு தடிமன். நிஜத்தில் அவை மெல்லிய உலோகம். தடித்த விளிம்பு ஒன்று போதும், இது பொம்மை என்று காட்டிக்கொடுத்துவிடும்.

கோவையின் கணபதி பகுதியில் ஒரு லேத் பட்டறை. பம்ப் மோட்டாருக்கு புஷ் கடைந்து கொடுக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். பிளாஸ்டிக் குழலையும், நான் அளவு போட்டு வரைந்த தாளையும் காட்டினேன். வாயகலம் ஐந்தரை மில்லிமீட்டர்.

“இது எந்தப் பம்புக்குங் தம்பி?”

“பம்புக்கு இல்லீங்கண்ணா. பழைய ரேஸ் கார் ஒண்ணு, அதோட மாடலுக்கு.”

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இஞ்சினுக்குள்ள காத்து போற வழிங்களா? அப்ப உள்பக்கம் வழுவழுன்னு இருக்கோணும்.” உள்பக்கம் யாருக்கும் தெரியாது என்று சொல்ல வாயெடுத்து, சொல்லவில்லை. மறுவாரம் போனபோது பத்து குழல் வைத்திருந்தார். ஆறு மில்லிமீட்டர் அலுமினியக் கம்பியில் கடைந்து, உள்ளே குச்சியில் துணி சுற்றி மெருகேற்றியிருந்தார். எட்டுதானே கேட்டேன் என்றேன். “ரெண்டு தொலைஞ்சு போகுமுங் தம்பி.” ஒன்று தொலைந்துதான் போனது. உள்பக்கம் விழும் வெளிச்சம் திரும்பி மேலே வருவதை இப்போது அலமாரியில் பார்க்கும்போது, அன்றைக்கு வாயை மூடிக்கொண்டது எவ்வளவு நல்லதாயிற்று என்று நினைக்கிறேன். உங்கள் ஊரில் லேத் இல்லையென்றால் கிட்டில் வரும் குழலையே எடுத்து, வாயை உள்ளிருந்து கூம்பாகச் சுரண்டுங்கள். விளிம்பு மட்டும் மெலிந்தால் போதும், கண் ஏமாந்துவிடும்.

ஸ்பார்க் பிளக் ஒயருக்கு வீணாய்ப்போன இயர்போனின் உள்ஒயர் சரியான தடிமன். வளைத்தால் வளைந்த இடத்தில் நிற்கும். மீன்பிடி நரம்பு நிற்காது, நிமிர்ந்துகொள்ளும். எந்த ஒயரும் எங்கிருந்து கிளம்பி எங்கே போய்ச் சேர்கிறது என்று தெரியாமல் இழுக்காதீர்கள். எட்டு சிலிண்டருக்கு எட்டு ஒயர். தெரிந்தவர் ஒருவர் வந்து எண்ணிப் பார்த்தால் கணக்கு நிற்க வேண்டும். பெட்ரோல் குழாய், தண்ணீர்க் குழாய், எண்ணெய்க் குழாய் மூன்றையும் வேறு வேறு தடிமனில் வைத்தேன். மேலோட்டமாகப் பார்த்தால் ஒயர்க்கூட்டம் மாதிரி இருந்தாலும், ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டு போனால் அது ரேடியேட்டரில் முடியும்.

சரி, அந்தக் கோணலுக்கு வருகிறேன். தப்பு எங்கே நடந்தது என்றால், எஞ்சினோடு கியர்பாக்ஸை ஒட்டியபோது. நீர் மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் சிமெண்டைத் தொட்டு வைத்து, கையிலேயே பிடித்துக்கொண்டு, கண்ணால் நேராக இருக்கிறது என்று முடிவு செய்துவிட்டேன். அந்தச் சிமெண்ட் பிளாஸ்டிக்கையே கரைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும். அப்புறம் அதைப் பிரிக்க வழியில்லை. இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றாவது நாள் முடிவு செய்தேன்: அறுத்துவிடலாம். தகடு மாதிரி மெல்லிய ரம்பத்தால், ஒட்டு விழுந்த கோட்டிலேயே, நாற்பது நிமிஷம். பெயிண்ட் உதிர்ந்தது, இரண்டு ஒயர் அறுந்தது, கியர்பாக்ஸ் தனியாக வந்தது.

மறுபடி சேர்த்த விதத்தை விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த மாதிரி வண்டி எதற்கும் இதுதான் முறை. அலமாரிக் கண்ணாடி ஒன்றைத் தரையாக வைத்தேன், மரப்பலகை வளையும். அதன் மேல் கிராஃப் தாள், நடுவில் ஒரு கோடு. கூட்டையும் எஞ்சினையும் ஒட்டாமல் கோத்து அந்தக் கோட்டின் மேல் வைத்து, இரண்டு பக்கமும் மகளின் ஜாமெட்ரி பாக்ஸ் மூலைமட்டங்களை நிறுத்தினேன். எஞ்சினிலும் கியர்பாக்ஸிலும் ஒரு மில்லிமீட்டர் துளை போட்டு பித்தளைக் கம்பியை ஆணியாகச் செருகினேன். துளையைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டேன், அசைத்துச் சரிசெய்ய இடம் வேண்டுமே. பசைக்கு அரால்டைட், அதுவும் மெதுவாக இறுகும் வகை. அரை மணி நேரம் வரை திருத்திக்கொண்டிருக்கலாம். பின்சக்கரங்களை மாட்டி, நான்குக்கும் அடியில் ஒரே தாளின் நான்கு துண்டை வைத்து, நான்கும் ஒரே இறுக்கத்தோடு இழுபடுகிறதா என்று பார்த்து, ஒரு நாள் முழுக்க அசைக்காமல் விட்டேன். மறுநாள் விசிட்டிங் கார்டு எந்தச் சக்கரத்துக்கு அடியிலும் நுழையவில்லை. வண்டியை நேராக நிறுத்தும் ஒட்டுகளுக்கு அவசரப் பசை வேண்டவே வேண்டாம். அந்த ஒட்டு எது எது என்பதை முதல் நாளே விளக்கத்தாளில் சிவப்பு மையால் வட்டம் போட்டுவிடுங்கள்.

பெயிண்ட். கோவையில் ஆடிக்காற்று தூசியை அள்ளிக்கொண்டு வரும், ஐப்பசி கார்த்திகையில் ஈரம். நான் பச்சை அடித்தது ஐப்பசியில். வெளியே தூறல், உள்ளே நான் பொறுமையில்லாமல். அடித்து ஐந்து நிமிஷத்தில் மேற்பரப்பு முழுக்கப் பனி படர்ந்த மாதிரி வெளுத்தது. லாக்கர் பெயிண்டில் இருக்கும் தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பைக் குளிரச் செய்கிறது. காற்றில் இருக்கும் ஈரம் அங்கே நீராகப் படிந்து பெயிண்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. பயந்து உடனே உரிக்கத் தேவையில்லை. காய்ந்த நாளாகப் பார்த்து, மெதுவாக ஆவியாகும் தின்னரை மட்டும் மிக மெல்லிய சாரலாக அடித்தால் பெயிண்ட் இளகி ஈரம் வெளியேறிவிடும். எனக்குப் பாதி சரியானது, மூக்குப் பகுதி சரியாகவில்லை, உரித்துவிட்டேன். அதன் பிறகு சின்ன ஈரமானி ஒன்று வாங்கி மாட்டினேன். அது 60 சதவீதத்துக்கு மேல் காட்டினால், பெயிண்டைச் சாரலாகத் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷைத் தொடுவதில்லை. மாசி பிறக்கும் வரை காத்திருந்து அடித்தேன். அந்த மாதங்களில் சக்கரம், சீட், ஸ்டீரிங் என்று உட்கார்ந்து செய்யும் வேலைகளைப் பார்த்துக்கொண்டேன்.

ஏர்பிரஷ் ஓடும்போது ஜன்னல் திறந்திருக்க வேண்டும், முகத்தில் வேதிவாயுவைத் தடுக்கும் வடிகட்டி முகமூடி இருக்க வேண்டும். துணி முகமூடி தின்னர் ஆவியைத் தடுக்காது.

நிறத்தை டப்பாவின் மேல் எழுதியிருப்பதை நம்பி முடிவு செய்யக் கூடாது. இங்கிலாந்தின் பந்தயப் பச்சை என்று விற்பதை அப்படியே அடித்தால் ஒரு அடி நீள மாடலில், வீட்டு வெளிச்சத்தில், கறுப்பாகத்தான் தெரியும். பெரிய பரப்பில் நாம் பார்க்கும் நிறம் சிறிய பரப்பில் அழுந்திப்போகிறது. அதனால் கொஞ்சம் மஞ்சளும் ஒரு துளி வெள்ளையும் கலந்து பிளாஸ்டிக் ஸ்பூன்களில் அடித்துப் பார்த்தேன். பதினொரு ஸ்பூன். வண்டி நிற்கப்போகும் அலமாரியிலேயே, இரவில், அங்கே இருக்கும் விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து ஏழாவதைத் தேர்ந்தெடுத்தேன். வெயிலில் அது கொஞ்சம் வெளிர்தான். ஆனால் அந்த வண்டியை நான் வெயிலில் பார்க்கப் போவதில்லை.

நடுப்பட்டைக்கு டீக்கால், அதாவது தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் மெல்லிய படம், ஒட்டலாம். நான் ஒட்டவில்லை, பச்சையின் மேல் மஞ்சள் டீக்கால் சோகையாகத் தெரிகிறது. முதலில் வெள்ளை பிரைமர், அதன் மேல் மஞ்சள், நன்றாகக் காய்ந்ததும் பட்டையின் அகலத்துக்கு மாஸ்கிங் டேப், அப்புறம் பச்சை. டேப்பின் ஓரத்தை நகத்தால் தேய்த்துவிட்டு, பச்சைக்கு முன்னால் மறுபடி ஒரு மெல்லிய மஞ்சள் அடித்துவிடுங்கள். டேப்புக்கு அடியில் எது கசிந்தாலும் அது மஞ்சளாகவே கசியும், ஓரம் கத்தியால் வெட்டியது போல வரும். காயும்போது மேலே அரிசி டப்பாவைக் கவிழ்த்து வைத்தேன். தூசிக்கு அதைவிட நல்ல மூடி எனக்குக் கிடைக்கவில்லை.

வெள்ளை வட்டமும் கறுப்பு 5-உம் டீக்கால்தான். இங்கே தண்ணீர் முக்கியம். முதல் வட்டத்தை போர்த் தண்ணீரில் ஊறவைத்து ஒட்டினேன். காய்ந்ததும் ஓரமெல்லாம் உப்பு பூத்து நின்றது. அடுத்ததற்கு சிறுவாணித் தண்ணீர் பிடித்து வைத்தேன், ஒரு கறை இல்லை. சிறுவாணி கிடைக்காதவர்கள் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கொள்ளலாம். டீக்காலின் மேல் கிளியர் கோட் அடிக்கும்போது முதல் இரண்டு கை சாரல் போலத்தான் போக வேண்டும், ஈரமாக அடித்தால் டீக்கால் சுருங்கிவிடும்.

முன்கண்ணாடிக்கு சூப்பர் குளூ பக்கமே போகாதீர்கள், அதன் ஆவி படிந்து கண்ணாடி புகைமூட்டமாகிவிடும். மரவேலைக்குப் போடும் வெள்ளைப் பசை போதும், காய்ந்தால் தெரியாது. டயரின் தரை படும் பகுதியை 400 நம்பர் உப்புத்தாளில் லேசாக உருட்டினால் மியூசியத்தில் பார்த்த அந்தச் சாம்பல் வந்துவிடும். இன்னொன்று, பல வருஷம் கழித்துத்தான் தெரியவரும்: கிட்டுகளில் வரும் மெத்தென்ற வினைல் டயரிலிருந்து எண்ணெய் போன்ற ஒன்று மெல்லக் கசியும், அது பிளாஸ்டிக் சக்கரத்தை இளக்கிவிடும். நண்பர் ஒருவரின் பழைய மாடலில் டயரைக் கழற்றியபோது சக்கரத்தின் விளிம்பும் கூடவே பிய்ந்து வந்தது. நான் டயர் உட்காரும் இடத்தில் மெல்லிய அலுமினிய ஒட்டுத்தாளைச் சுற்றிவிட்டேன்.

அதே காரணத்துக்காக வண்டியின் எடையை டயரின் மேல் நிற்க விடவில்லை. கூட்டுக்கு அடியில் இரண்டும் கியர்பாக்ஸுக்கு அடியில் ஒன்றுமாக, வெளியே தெரியாத அக்ரிலிக் துண்டுகள் வைத்திருக்கிறேன். டயர் தரையைத் தொடுகிறது, தாங்கவில்லை. வருஷக்கணக்கில் நின்றாலும் சப்பையாகாது.

பெட்டி 5 மில்லிமீட்டர் அக்ரிலிக். போர்டு கடையில் அளவு கொடுத்து வெட்டி வாங்கினேன். ஓரத்தை ஒட்ட சிலிக்கான் போட்டார்கள். புளித்த வாடை வந்தது, வினிகர் வாடை. உலோகப் பாகம் இருக்கும் பெட்டிக்குள் அந்த ஆவி கூடாது என்று மூன்று வாரம் திறந்தே வைத்து, வாடை முழுக்கப் போன பிறகுதான் வண்டியை உள்ளே வைத்தேன். மூடி இல்லாமல் வைக்கலாமா என்று யாராவது கேட்டால், நம் ஊரில் பல்லி இருக்கிறது என்பேன். பூஜையறை இருக்கும் சுவரில் அலமாரி வேண்டாம், சாம்பிராணிப் புகை பெட்டியின் மேல் எண்ணெய்ப் படலமாகப் படிகிறது. மேற்கு வெயில் விழும் சுவரும் வேண்டாம்.

உயரம் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானாகக் கணக்குப் போட்டேன். ஒருவர் நிஜ வண்டிக்குப் பக்கத்தில் நின்றால் அவருடைய கண் தரையிலிருந்து ஏறத்தாழ 160 சென்டிமீட்டரில் இருக்கும். 12-ஆல் வகுத்தால் 13. அப்படியானால் என் கண்மட்டத்துக்கு 13 சென்டிமீட்டர் கீழே மாடலின் தரை இருக்க வேண்டும். அந்த உயரத்துக்கு அலமாரிப் பலகையை ஏற்றி அடித்தேன். முதல் முறை எதிரே போய் நின்றபோது உடம்பு சிலிர்த்தது. மேசை மேல் மாதக்கணக்கில் கழுகுப் பார்வையில் பார்த்த வண்டி, சாண்ட்வோர்ட் வரிசையில் ஒரு மெக்கானிக் பார்த்த மாதிரி நின்றது.

மூக்கை உள்பக்கம் திருப்பி, பின்புறம் பார்ப்பவருக்குத் தெரியும்படி குறுக்காக வைத்திருக்கிறேன். மூக்கு அழகுதான், ஆனால் அந்தக் காலத்து எல்லாக் கார்களுக்கும் அந்த மாதிரிச் சுருட்டு மூக்கு உண்டு. இந்த வண்டி எதற்காகப் பிறந்ததோ அது பின்னால் இருக்கிறது.

போன நவராத்திரிக்கு, கொலுப் படிக்குப் பக்கத்தில் மகள் போடும் பார்க்கில் லோட்டஸும் இரண்டு நாள் பெட்டியோடு நின்றது. லேத் அண்ணன் குடும்பத்தோடு வந்திருந்தார். சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வண்டிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பெயிண்டைப் பார்க்கவில்லை. குழல்களை ஒரு முறை எண்ணிக்கொண்டார். அப்புறம் செல்போன் டார்ச்சை அடித்துக் கொஞ்ச நேரம் தேடினார்.

“தம்பி, இதுக்குச் சேஸிஸ் எங்கீங்?”

“இல்லீங்கண்ணா. இஞ்சின்தான் சேஸிஸ். நாலு போல்ட்டுல நிக்குது. கீழ ரெண்டு, மேல அந்தத் தகட்டுல ரெண்டு.”

“அப்ப ஓடி இஞ்சின் சூடாச்சுன்னா விரியுமே. ஒரே பிடியா பிடிச்சு வெச்சா விரிசல் உட்டுருமுங்களே?”

டக்வொர்த் யோசித்து வைத்ததும் அதைத்தான். மேல்பக்கப் பிடிப்புக்கு மட்டும் கட்டிப் பிடிமானம் போடாமல் மெல்லிய எஃகுத் தகடு வைத்தார்கள். எஞ்சின் சூட்டில் அகலும்போது தகடு வளைந்துகொடுக்கும், முன்னும் பின்னும் இழுக்கும் பாரத்தை மட்டும் விடாமல் தாங்கும். சொன்னேன். அண்ணன் தலையாட்டிக்கொண்டே டார்ச்சை இன்னும் கிட்டத்தில் கொண்டுபோனார்.

“அப்படீன்னா உங்க தகடு ரொம்பத் தடிமனுங் தம்பி. இது எங்க வளையறது?”

கிட்டில் வந்த பிளாஸ்டிக் தகடு அது. ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். நான் அதைத் தொட்டே பார்த்ததில்லை. ரெண்டு நாள் கழித்துப் பட்டறைக்கு வரச்சொல்லி, 0.1 மில்லிமீட்டர் ஷிம் தகட்டில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். அதில் முக்கோணம் வெட்டி, துளை போட்டு, இடது பக்கத் தகட்டை மாற்றிவிட்டேன். வலது பக்கத்துக்கு ஒயர் இரண்டைக் கழற்ற வேண்டும். ஐப்பசி ஈரம் அடங்கட்டும் என்று காத்திருக்கிறேன்.